ஓடைக்கரையில் பிடுங்கிய புல்

ஓடைக்கரையில் புல் வளர்க்க வேண்டும் என்று எங்கள் பேரூராட்சியில் தீர்மானம் போட்ட அன்று சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செயல் அலுவலர். அவர் எதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்னொருத்தி நான். தீர்மானத்தைக் கொண்டுவந்தவளே நான்தான், நான் எப்படிச் சிரிப்பது.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓர் ஓடை. மழை பெய்தால் அதில் தண்ணீர் வரும், பெய்யாவிட்டால் காற்றில் கலர் காகிதம் வரும். மேலே பட்டாசுக் கம்பெனிகள், கீழே வீடுகள், அதற்கும் கீழே கண்மாய். என் வார்டு ஓடையை ஒட்டியது. என் வீட்டுக்காரர் விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். எங்கள் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கியதும், அவர் நிற்க ஆசைப்பட்டிருந்த இடத்தில் என்னை நிறுத்தினார்கள். ஜெயித்த பிறகு அவர் சொல்கிறபடி கேட்பேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷன் அப்படி நினைத்ததுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஓடையில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்து வேரோடு அள்ளியபோது ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த ஐப்பசியில் மழை கொட்டியபோது கரை பொலபொலவென்று சரிந்தது. பிடித்துக்கொள்ள ஒரு வேர் இல்லை. கம்பெனிகளில் கழுவி ஊற்றிய சாம்பல் நிறத் தண்ணீர், வெட்டி எறிந்த காகிதம், கரை மண் எல்லாம் ஒன்றாகக் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தன. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கண்மாய் ஓரம் முழுக்கச் சேறு. தண்ணீர் குடிக்க இறங்கிய பசுமாடு ஒன்று அதில் மாட்டிக்கொண்டு, அதைக் கயிறு கட்டி இழுக்க அரைநாள் ஆனது. மாட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் திட்டினார். பேர் சொல்லாமல் திட்டுவதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

அதற்குப் பிறகு ஆய்வுக்கு வந்த பொறியாளர் ஒருவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஓடைக்கு இரண்டு பக்கமும் புல்லும் புதரும் இருந்தால் மண்ணையும் கழிவையும் அதுவே பிடித்து நிறுத்தும், சில இடங்களில் அதை விதியாகவே வைத்திருக்கிறார்கள் என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கரையின் இரண்டு பக்கமும் ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அகலத்துக்கு உழக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது, குப்பை எரிக்கக்கூடாது, ஆடு மாடு மேய்க்கக்கூடாது, நட்டதைப் பிடுங்கக்கூடாது. இதுதான் நான் கேட்டது. ஐந்து 'கூடாது' இருந்தால் தீர்மானம் தீர்மானம் மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

துணைத்தலைவர் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. சிரித்து முடித்துவிட்டு அவர்தான் முதலில் பேசினார்.

"புல்லுன்னு சொல்றீக, சரி. பங்குனில காஞ்சிருமே, அப்ப என்ன செய்வீக?"

"காஞ்சா காயட்டும் அண்ணாச்சி. வேரு மண்ணுக்குள்ளதான இருக்கும்."

"ஒங்க கடைல வத்தல் காயணும், எங்க கம்பெனில எதுவுமே காயக் கூடாது மெம்பரம்மா. ரூமுக்குப் பக்கத்துல ஒரு மொளம் காஞ்ச புல்லு நின்னாக்கூட எனக்குத் தூக்கம் வராது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் கம்பெனிகளை விட்டு விலகி, சாலைப் பாலத்துக்குக் கீழே, ஊர்ப்பக்கம் மட்டும் புல் நடுவது என்று பேசி முடித்தோம். பாலத்திலிருந்து பக்கத்துக் கம்பெனியின் வேலி கண்ணுக்குக்கூடத் தெரியாது.

இன்னொரு வரியை அண்ணாச்சி சேர்க்கச் சொன்னார். கரையில் ஏற்கெனவே ஓர் ஆட்டுக் கொட்டகை இருந்தது. அது இருக்கட்டும், ஆனால் கொட்டகைக்கு முன்னால் நடுகிற புல்லுக்கு அதன் சொந்தக்காரிதான் பொறுப்பு, புல் அழிந்தால் கொட்டகையைப் பிரிக்க வேண்டும் என்றார். "எங்க கம்பெனில ஒரு ரூமுல கணக்குக்கு மேல ஒரு ஆளு கூடுதலா இருந்தா ஆபீசர் வந்து பூட்டிட்டுப் போறாரு. இங்கன மட்டும் சலுகையா?" என்று கேட்டார். என் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்ற அவசரத்தில் நானும் தலையாட்டினேன்.

அந்தக் கொட்டகைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது இளையவள். கொட்டகையை ஒட்டி ஓர் அறை, அதில் தனியாக இருந்தாள். மகன் திருப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். முன்பு அவளும் அவள் புருஷனும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். சின்னக் கம்பெனி, இப்போது இல்லை. ஒரு பங்குனி மாதம் மதியம் அவன் இருந்த அறை வெடித்தது. அவள் வேறு அறையில் இருந்தாள், தப்பித்தாள். எதனால் வெடித்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. அன்று கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்தவள் பிறகு எந்தப் பட்டாசுக் கம்பெனிக்குள்ளும் கால் வைக்கவில்லை. வெள்ளாடு வாங்கி, இந்தக் கரையில் கொட்டகை போட்டாள்.

தீர்மானத்தை அவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பதறுவாள் என்று நினைத்தேன். ஆட்டுக்குத் தழையும் குழையும் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"கொட்டகை போச்சுன்னா ஆடு போச்சு மெம்பரக்கா. ஆடு போச்சுன்னா இந்த ஊர்ல எனக்கு வேற என்ன வேலை இருக்கு? மறுபடி அந்த கேட்டுக்குள்ள போகணும். அம்புட்டுத்தான."

"அப்படியெல்லாம் ஆகாதுத்தா. புல்ல மட்டும் பாத்துக்கோ."

"பாத்துக்கிறேன். ஒரு ஆட்டையும் அங்கன விட மாட்டேன்."

எங்கள் ஊரில் படிப்பும் இல்லை ஆடும் இல்லை என்றால் அடுத்த கதவு பட்டாசுக் கம்பெனிதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கார்த்திகை மழை விட்டதும் கண்மாய்க் கரையிலிருந்து கோரையும் அருகம்புல்லும் நாணலும் வெட்டிக் கொண்டுவந்து நட்டோம். இடையிடையே நொச்சிக் குச்சி. தூய்மைப் பணியாளர்கள் வேலை செய்ய, நான் கரையில் நின்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். தை மாதம் முழங்கால் உயரம் பச்சை நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைப் புல்லு மெம்பர் என்று கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர்கூடக் கடையிலிருந்து போன் செய்து, "புல்லு மெம்பர் வீட்ல மதியம் என்ன சாப்பாடு?" என்றார். "நட்டது அம்புட்டும் ஒங்களுக்குத்தான், வந்து மேயுங்க" என்றேன். வெளியே அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருட்டுவதற்கு முன் தினமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மாசி பிறந்ததும் நுனி மஞ்சளானது. பிறகு தண்டு காய்ந்தது. அதுவரைக்கும் சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் பாலத்தை ஒட்டின இடத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் இல்லை. அடுத்த வாரம் அது இரண்டு பாய் ஆனது. பிறகு கொட்டகைக்கு முன்னாலும் சொட்டை விழுந்தது. நடுவில் இருந்த நீளம் அப்படியே இருக்க, இந்த இரண்டு இடத்தில் மட்டும் மொட்டை.

ஊர் ஒரே பேச்சாகச் சொன்னது, ஆடு. வேறு என்னவாக இருக்கும். அண்ணாச்சி என்னைக் கடைவீதியில் பார்த்தபோது வண்டியை நிறுத்தி, "பாத்தீகளா, நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். அடுத்த கூட்டத்தில் கொட்டகையைப் பிரிக்கிற விஷயம் வரும் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது.

நான் நேரே கொட்டகைக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். நம்பி விட்டதற்கு இதுதானா, உனக்காக நான் எத்தனை பேரிடம் பேச்சு வாங்குவது என்றெல்லாம் கேட்டேன். அவள் என்னைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஆடுகள் எல்லாம் கட்டியிருந்தன. கயிறு உரசிக் குட்டிகளின் கழுத்தில் முடி போயிருந்தது.

"தை மாசத்துல இருந்து அவுத்தே விடல. கண்மாய்க்கு அந்தப் பக்கம் போயி கொழை ஒடிச்சுத் தலைல சொமந்துட்டு வாரேன். பாருங்க." தலையைக் குனிந்து உச்சியைக் காட்டினாள். "எந்த ஆடு மேஞ்சதுன்னு சொல்லுங்க, அதை இப்பவே வித்துருதேன்."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்து மொட்டை இடத்தைக் குனிந்து பார்த்தேன். மேய்ந்திருந்தால் அடிக்கட்டை நிற்க வேண்டும். இங்கே வேரே இல்லை, குழி குழியாக இருந்தது. எத்தனையோ நாள் இந்த இடத்தைத் தாண்டிப் போன எனக்கு இது கண்ணில் படவில்லை. ஆடு என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் ஆட்டையே தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்களுக்கு நோன்பு மாதம். விடிகாலைச் சகர் சாப்பாட்டை முடித்து பஜ்ர் தொழுகை தொழுத பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்காது. மறுநாள் விடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். பாலத்தின் மேலும் கீழும் பெண்கள் நின்றார்கள், உட்கார்ந்திருந்தார்கள். பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்திருப்பவர்கள். தூக்குவாளி ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். முந்தின நாள் டிவி சீரியலில் மருமகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள், அதைப் பற்றிப் பேச்சு. போனது சரி என்று ஒரு கட்சி, தப்பு என்று ஒரு கட்சி.

நான் சும்மா நின்று பார்த்தேன். பேசிக்கொண்டே ஒருத்தி குனிந்தாள். காய்ந்த கோரையை அடியோடு பிடித்து, இரண்டு ஆட்டு ஆட்டி, பிடுங்கினாள். பாலத்துச் சுவரில் வேரைத் தட்டி மண்ணை உதிர்த்தாள். தூரப் போட்டாள். "அவ எனக்கு மாமியாளா இருந்தா நான் அன்னைக்கே போயிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததைப் பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் உட்கார்ந்தபடியே பிடுங்கினாள். அதற்கடுத்தவளும் அப்படியே. யார் கண்ணும் கையைப் பார்க்கவில்லை.

"என்னம்மா செய்றீக?" என்றேன்.

"வாங்க மெம்பரக்கா. வேனுக்கு நிக்கிறோம்."

"அது தெரியுது. கையில என்ன?"

அவள் தன் கையைப் பார்த்தாள். நிஜமாகவே அப்போதுதான் பார்த்தாள்.

"புல்லு," என்றாள்.

"எதுக்குப் புடுங்குன?"

"காஞ்சு கெடக்குல்ல."

இதைவிடத் தெளிவான பதில் இருக்கிறதா என்பது போல் என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி சொன்னாள், கம்பெனியில் காலையில் முதல் வேலையே அறையைச் சுற்றிக் காய்ந்த புல் இருந்தால் பிடுங்குவதுதான். அரிவாள் கொண்டுபோக விடமாட்டார்கள். இரும்பு கல்லில் பட்டால் பொறி பறக்கும், அதனால் கையால்தான். மதியம் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தாலும் கை தன்பாட்டில் பிடுங்கும். கோவிலுக்குப் போனாலும் பிடுங்குகிறோம், கல்யாண வீட்டில் பந்தலுக்கு வெளியே நின்றாலும் பிடுங்குகிறோம் என்று இன்னொருத்தி சொன்னாள். "பொண்ணு பாக்க வந்தப்ப எங்க மாமியா மொதல்ல எங்க வீட்டு வாசல்லதான் புடுங்குச்சு" என்றாள் ஒரு சின்னப்பெண். அதற்குள் வேன் வந்துவிட்டது. ஏறும்போது ஒருத்தி, "நோன்பா இருக்கீக, வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்கக்கா" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நான் அத்தனை பாடுபட்டு நட்டதைத்தான் பிடுங்கியிருக்கிறார்கள், ஆனால் அவர்களைத் திட்ட வாய் வரவில்லை. மறுநாள் போய்ப் பிடுங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றார்கள். ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அடுத்த நாள் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள், அதற்கடுத்த நாள் பழையபடி. அவர்களில் மூத்தவளே கடைசியில், "எங்களால ஆகாதுக்கா, வேனைக் கோவில் வளைவுகிட்ட நிக்கச் சொல்லுங்க, அங்கன சிமெண்ட்டுத் தரை" என்றாள். வேன் டிரைவரிடம் சொல்லி அப்படியே மாற்றினேன். பாலத்தடியில் சொட்டை அதோடு நின்றது.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லாருக்கும் ஒரே குஷி. அண்ணாச்சி மட்டும், "நல்ல பழக்கந்தான, என்ன தப்பு" என்றார். ஆனால் மனுஷன் கணக்கில் கெட்டி. உடனே அடுத்ததைக் கேட்டார்.

"பாலத்துகிட்ட வேன் நிக்குது, பொம்பளைக புடுங்குனாக, ஒத்துக்கிறேன். கொட்டகைக்கு முன்னாடி எந்த வேன் நிக்குது?"

கொட்டகை பாலத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கே அவளைத் தவிர யாரும் போவதில்லை. விசாரித்து அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். அடுத்த கூட்டத்தில் பதில் இல்லாவிட்டால் பிரிப்பது என்று முடிவானது. தீர்மானத்தில் அந்த வரிக்குத் தலையாட்டியவள் நான். யாரைச் சொல்ல.

அன்று சாயங்காலம் நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. கொட்டகைக்குப் போனேன். பாலத்தடிக் கதையை அவளிடம் சொன்னேன். ஆடு இல்லை என்று ஊருக்குத் தெரிந்ததில் அவளுக்கு முகம் தெளிந்தது. வெளியே கரையில் உட்கார்ந்தோம். கொட்டகைக்கு முன்னால் இருக்கிறது மட்டும்தான் பாக்கி, அதற்கு ஒரு காரணம் தெரிந்துவிட்டால் போதும், இங்கே யார் வருகிறார்கள், யோசித்துச் சொல் என்றேன்.

"யாரும் வரலியே மெம்பரக்கா. நாய் தோண்டுதோ என்னமோ. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். மகன் போனப் போட்டு வந்துரு வந்துருங்கான். அங்கன போயி ஒரு ரூமுக்குள்ள நான் என்ன செய்ய? ஆட்ட விட்டுட்டு நான் எங்கன போவேன்?"

பேசிக்கொண்டே அவள் கை பக்கத்தில் இருந்த காய்ந்த அருகம்புல்லைக் கோதி, கொத்தாகப் பிடித்து, இரண்டு ஆட்டு ஆட்டி, பிடுங்கியது. கல்லில் தட்டினாள். போட்டாள். அடுத்ததைப் பிடித்தாள்.

இவள் அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடமாகிறது. ஆட்டைத் தவிர வேறு எதையும் பேசாதவள். கை மட்டும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டகையைக் காப்பாற்ற ராத்திரி பகலாகக் காவல் இருந்ததும் இவள்தான், அதை இழக்க வேலை பார்த்ததும் இவள்தான்.

"ஏத்தா," என்றேன். அவள் கையைப் பார்த்தேன்.

அவளும் பார்த்தாள். பாலத்தடிப் பெண்கள் மாதிரி சிரிக்கவில்லை. கையில் இருந்த புல்லைக் கீழே போடவும் இல்லை.

"நானா புடுங்கிருக்கேன்," என்றாள். மறுபடியும், "நான்தான்" என்றாள்.

எனக்குள் இருந்த மெம்பர் விழித்துக்கொண்டாள். சரி, போகட்டும், இனிமேல் பிடுங்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், மிச்சத்தை நான் கூட்டத்தில் பேசிக்கொள்கிறேன், அண்ணாச்சி கேட்பார் என்றேன். தெரியாமல் செய்ததுதானே, இன்றைக்குத் தெரிந்துவிட்டது, விட்டுவிடு என்றேன். அவள் தலையை அசைத்தாள்.

"அதுக்கு நான் ஒத்துக்கிற மாட்டேன் மெம்பரக்கா. காஞ்சு நின்னா புடுங்குவேன். கொட்டகையப் பிரிக்கணும்னா பிரிச்சுக்கோங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்காகத்தான் நான் ஊர் முழுக்க வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன், நீ என்னவென்றால் பிரித்துக்கொள் என்கிறாய், நாளைக்கு அந்த கேட்டுக்குள் போக வேண்டியது யார், நானா நீயா என்று குரலை உயர்த்தினேன். அவள் என் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கொட்டகைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கி காலைல நாங்க ரெண்டு பேரும்தான் புல்லு புடுங்குனோம். என் ரூமச் சுத்திப் புடுங்கி முடிச்சேன். அவரு ரூமுக்குப் பின்னாடி கொஞ்சம் நின்னுச்சு. லோடு அவசரம்னு கூப்ட்டாக. மத்தியானம் வந்து புடுங்கிக்கிறலாம்னு விட்டுட்டு உள்ள போனேன்."

எதனால் வெடித்தது என்று ஆளுக்கொன்று சொன்னவர்கள் யாருக்கும் இது தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அவளை அணைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. அதற்கு எங்களுக்குள் பழக்கம் இல்லை. பாங்கு சத்தம் கேட்டது. அவளே எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கேயே குடித்து நோன்பைத் திறந்தேன்.

கூட்டத்தில் என்ன சொல்வது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். நாய் தோண்டியது என்று சொல்லிவிடு என்றார். வியாபாரி புத்தி. நான் உள்ளதைச் சொன்னேன். ஆடு மேயவில்லை, கொட்டகைக்காரி கையால் பிடுங்கினாள், இனிமேலும் பிடுங்குவாள், பிடுங்க மாட்டேன் என்று அவள் சொல்லத் தயாராக இல்லை என்றேன். அவள் புருஷன் அறைக்குப் பின்னால் நின்ற புல்லைப் பற்றியும் சொன்னேன். அவள் சொன்ன அதே வார்த்தையில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

விதி விதி என்று பேசுகிற அண்ணாச்சி என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் செயல் அலுவலர் பக்கம் திரும்பினார்.

"கொட்டகைக்கு முன்னாடி காயுற புல்லு எதுவும் வேண்டாம் சார். நொச்சி மட்டும் நெருக்கி வைக்கச் சொல்லுங்க, அது பச்சையா நிக்கும். காஞ்சது எது நின்னாலும் அந்தம்மா புடுங்கிக்கிறட்டும். கொட்டகைய யாரும் தொடக் கூடாது. எழுதிக்கோங்க."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கம்பெனிக்காரர்களும் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களின் புருஷன்மார்களும் இருக்கிற சபை அது. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மற்ற இடத்தில் காய்ந்த புல்லை வேரை விட்டுவிட்டு மேலாக அறுத்து எடுப்பது என்றும் முடிவு செய்தோம்.

நான் மூச்சிரைக்க நடந்து போய் அவளிடம் சொன்னேன். கொட்டகைக்கு இனி ஒன்றும் வராது, எழுதி முடித்தாயிற்று, நிம்மதியாக இரு என்றேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப மத்த எடத்துல நிக்கிறது?" என்று கேட்டாள்.

"அதை ஆள் விட்டு அறுத்துருவோம்த்தா."

"எப்ப?"

"நாளைக்கே அறுக்கச் சொல்லுதேன்."

"அறுத்தத எங்கன போடுவீக?"

நான் அதை யோசிக்கவில்லை. கண்மாய் மேட்டில் போடச் சொல்கிறேன் என்றேன். அங்கே வேண்டாம், அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், தண்ணீருக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள் என்றாள். சரி என்றேன். மறுநாள் காலையில் ஆட்கள் வந்து அறுக்க ஆரம்பித்தபோது அவள் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தாள். ஆடுகள் பசியில் கத்தின. மதியம் கடைசிக் கட்டு வண்டியில் ஏறும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகுதான் குழை ஒடிக்கப் போனாள்.